அந்த வேலையை எனக்கே குடுங்க, சார்

'பேசிட்டேன்.'

போன வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை காலை, என் மனைவி ஜெசிந்தாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது இந்த ஒற்றை வார்த்தை. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தேன் - ஸ்விட்ச் ஆஃப்.

யாரிடம் பேசினாள், என்ன பேசினாள் என்பது எனக்குத் தெரியும். என்ன பதில் வந்தது என்பதுதான் தெரியாது. வேலை இருக்கிறதா, போய்விட்டதா?

கொடைக்கானலில், வட்டக்கானல் போகிற ரோட்டில் இருக்கும் ஒரு ஹோட்டலில் ஜெசிந்தா ரிசப்ஷனிஸ்ட். பல வருட சர்வீஸ். ஃப்ரன்ட் ஆபீஸ் மேனேஜர் வேலையை விட்டு பெங்களூரு போன பிறகு, அவர் சோலியையும் இவள்தான் பார்த்தாள். ரூம் ஒதுக்குவது, ட்ராவல்ஸ்காரர்களோடு மல்லுக்கட்டுவது, விடியற்காலையில் வந்து இறங்கும் டூரிஸ்டுகளிடம் 'செக்-இன் மதியம்தான்' என்று சொல்லித் திட்டு வாங்குவது... எல்லாம். பதவி மட்டும் காலியாகவே கிடந்தது.

அப்புறம் ஒரு செய்தி. அந்தப் பதவிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வருகிறாராம். அவருக்கு வேலை கற்றுக்கொடுக்க வேண்டியது - ஜெசிந்தா.

ஞாயிறு முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"நான் போய் கேட்டா, இவளுக்கு எதுக்கு இந்த ஆசைன்னு நெனப்பாங்கல்ல?"

"நெனச்சா நெனைக்கட்டும்" என்றேன். சொல்வது எனக்குச் சுலபம். திங்கட்கிழமை காலை ஸ்டாஃப் மீட்டிங்கில் உட்காரப்போவது நானா?

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் பஸ் வரும்வரை பொறுக்க முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஹோட்டல் வாசலுக்கே போய்விட்டேன். ஒரே பனிமூட்டம். அதற்குள்ளிருந்து பையோடு வந்தாள்.

"என்னாச்சு?"

"சார்ஜ் தீந்துபோச்சுங்க."

"போனைக் கேக்கல..."

அங்கேயே நின்று சொன்னாள். மீட்டிங் முடிவில் ஹோட்டல் மேனேஜர் வழக்கம்போல 'வேற ஏதாவது இருக்கா?' என்றிருக்கிறார். எல்லாரும் வழக்கம்போல மேஜையைப் பார்த்திருக்கிறார்கள். இவள் எழுந்து நின்றாள்.

"சார், அந்த வேலைய இப்ப நான்தான் பாக்குறேன். எனக்கே குடுத்துப் பாருங்க. அப்புறம்... வெள்ளனே பஸ்ல வர்றவங்க பிள்ளைகளோட குளிர்ல நிக்கிறாங்க. பழைய டைனிங் ஹாலத் தெறந்து, வெந்நீர் குடுத்தா பாதிச் சண்டை வராது சார்."

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினாராம்.

"இத ஏம்மா இத்தன நாளா சொல்லல? உங்களுக்கு இஷ்டமில்லன்னுல்ல நெனச்சேன். சாயங்காலமானா மொத ஆளா வெரசா கெளம்பிருவீங்க..."

"அந்த பஸ்ஸ விட்டா வேற பஸ் இல்ல சார்."

அவரே சிரித்துவிட்டாராம். கோயம்புத்தூர்காரருக்கு இன்னும் ஆர்டர் போகவில்லை. மதியம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார் - சீசன் முடியும்வரை பொறுப்பு ஜெசிந்தாவுக்கு. சரியாகச் செய்தால் பதவியும் அவளுக்கே.

எல்லாம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தவள், "பசிக்குதுங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

அந்த மேனேஜர் கெட்டவர் இல்லை. இவள் வாய் திறக்காததற்கு அவராக ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டார் - அதுவும் ஒரு பஸ் டைமிங்கை வைத்து. ஒழுங்காக வேலை செய்தால் தானாகத் தெரிந்துவிடும் என்று நாமும் காத்திருக்கிறோம். தெரியும்தான். வேலை முடிந்தது தெரியும். செய்தவருக்கு என்ன வேண்டும் என்பது எப்படித் தெரியும்?

கேட்டால் எல்லா இடத்திலும் கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். கேட்டதற்காகவே ஓரங்கட்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனால், கேட்காதவர் பெயர் பேச்சிலேயே வருவதில்லையே...

இந்தத் திங்கட்கிழமை மீட்டிங்கில் ஹவுஸ்கீப்பிங் முனியம்மா கை தூக்கினாராம். பின்னாலேயே சமையல் மாஸ்டர், டிரைவர்...

மேனேஜர் முதல் தடவையாக எல்லாருக்கும் டீ சொன்னாராம். இனிமேல் மீட்டிங் சீக்கிரம் முடியாது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது!