தலைக்கு வந்த வருமானம்

சித்தப்பா இறந்த பிறகு என் சித்தி இஸ்திரி போட்டுத்தான் மகளை வளர்த்தாள். குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில் அவளுடைய மேசை.

நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பிய வாரம், நம் நாடு முன்னேறிவிட்டதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். தலைக்கு இவ்வளவு வருமானம் என்று ஒரு தொகையும் காட்டினார்கள்.

"யார் தலைக்கு?" என்றாள் சித்தி, காலரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் தலைக்குத்தான் என்று சீக்கிரமே தெரிந்தது. மகள் நர்சிங் படிப்பது கட்டணச் சலுகையில். சம்பளச் சீட்டு இல்லாத குடும்பத்துக்கு நாட்டின் சராசரி வருமானத்தையே எழுதிக்கொள்வது சலுகை அலுவலகத்தின் வழக்கம். நாடு வளர்ந்ததில் சராசரி, சலுகைக்கான வரம்பைத் தாண்டிவிட்டது. சலுகை நின்றது. பணம் கட்டாவிட்டால் பெண் வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

சித்தியோடு நானும் அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க வருமானம் கூடியிருக்கும்மா."

"சந்தோஷங்க. எங்க போய் வாங்கிக்கணும்?"

"வாங்க முடியாது. அது கணக்கு."

"அப்ப பீஸையும் கணக்குலயே கட்டிடறேன்."

அவர் சிரிக்கவில்லை. "முதலாளிகிட்ட சம்பளச் சீட்டு வாங்கிட்டு வாங்க. அதுல இருக்கிறதைத்தான் எடுத்துக்குவோம்."

"முதலாளி நான்தாங்க."

"தொழிலாளி?"

"அதுவும் நான்தான்."

தனக்குத்தானே சீட்டு கொடுத்துக்கொள்ள விதியில் இடமில்லையாம்.

குடும்பத்தில் கடை, ரப்பர் முத்திரை எல்லாம் வைத்திருந்தவள் சித்தியின் நாத்தனார் ஒருத்திதான். எதிர்த் தெருவில் தையற்கடை. இருவருக்கும் பல வருடமாகப் பேச்சு கிடையாது. காரணம், அளவு குறைந்துபோன ஒரு சட்டை. துணி சுருங்கிவிட்டது என்பது நாத்தனார் கட்சி. துணியைச் சுருட்டிவிட்டாள் என்பது சித்தி கட்சி.

சித்தி கடை வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"பொய்ச் சீட்டு எல்லாம் தரமாட்டேன். வேலைக்கு வா, சீட்டு தர்றேன். நான் தைக்கிறதை எல்லாம் நீதான் தேய்ச்சுக் குடுக்கணும். காலையில கடையும் கூட்டணும்."

சித்தி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"துடைப்பம் எங்க அண்ணி?" என்றாள்.

சீட்டு வந்தது. சித்தி ஏழை என்பதை அலுவலகம் ஏற்றுக்கொண்டது. பெண் படிப்பைத் தொடர்ந்தாள். காலையில் நாத்தனார் கடை, மதியத்துக்கு மேல் மாடிப்படி என்று ஓடுகிறாள் சித்தி. நாத்தனாரோ, "எங்க வேலைக்காரங்க" என்று பன்மையில் பேசுகிறாள்.

போன வாரம் நாத்தனாருக்கு மனசு இளகியது.

"நல்லாத்தான் தேய்க்கிற. அடுத்த மாசம் சம்பளத்தைக் கூட்டிடறேன்."

சித்தி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"குடியைக் கெடுத்துடாதீங்க அண்ணி. அவ படிச்சு முடிக்கட்டும்."