இரண்டாம் ஆளின் கூலி

போன வாரம், எழுபது வயதைத் தொட்டுவிட்ட என் அக்கா மகள் வாசலில் நின்று ஆட்டோக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஐம்பது கேட்டார், இவள் நாற்பதிலேயே நின்றாள். "பத்து ரூபாதானே, விடும்மா" என்றேன். "உங்களுக்குப் பேரம் பேசத் தெரியாது மாமா" என்றாள். அடியம்மா! இவள் பிறக்கும் முன்பே இவளுக்காகப் பேரம் பேசினவன் நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், வெள்ளைக்காரப் பிரெஞ்சு ஆட்சியில், புதுச்சேரியில் புஸ்புஸ் வண்டி என்று ஒன்று ஓடியது. மாடும் கிடையாது, குதிரையும் கிடையாது. பின்னாலிருந்து ஆள் தள்ளுவார். முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் கம்பியைப் பிடித்துத் திருப்ப வேண்டும். ஊருக்குள் ஒரு ஆள் போதும். தூரம் என்றால் இரண்டு பேர். விளக்கெண்ணெயும் வியர்வையும் கலந்த அதன் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அப்போது நான் ஒரு கடலைக் கிடங்கில் குமாஸ்தா. வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம், தலைக்கனத்துக்குக் கேட்க வேண்டுமா! ஊருக்கு வெளியே கருவடிக்குப்பத்தில் அக்காவுக்குத் தலைப்பிரசவம். மச்சான் கப்பலேறிப் போய்ச் சைகோனில் பிரெஞ்சுக்காரரிடம் வேலையில். சித்திரை மாத உச்சி வெயிலில் வலி எடுத்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். "புள்ள குறுக்கால கெடக்கு. பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்க."

தெருமுனையில் ஒரு வண்டி, இரண்டு ஆட்கள். ஆளுக்கு நாலணா கேட்டார்கள்.

"ஒரு ஆளு போதும்" என்றேன்.

"மணல் பாதை, முசே. புள்ளத்தாச்சி வேற." முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; சட்டை போட்டவன் எல்லாம் அவர்களுக்கு முசேதான்.

"ஒருத்தன் தள்ளினா வண்டி நவுராதா?"

அக்கா பல்லைக் கடித்து முனகுகிறாள், நான் நாலணாவை மிச்சம் பிடிக்கிறேன் பாருங்கள்! அவளால் கம்பியைப் பிடிக்க முடியாது என்று நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஒற்றை ஆள் தள்ளினார்.

முந்திரித்தோப்பு தாண்டியதும் சக்கரம் மணலில் புதைந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, தொடை வெடவெடவென்று ஆடியது.

"காலையில குடிச்ச நீச்சத்தண்ணிதான் முசே" என்றார். "அவ்ளோதான் இருக்கு ஒடம்புல."

அக்கா புடவையில் ரத்தம். "தம்பி, செத்துடுவேன்டா."

மிச்சம் பிடித்த நாலணா பையில்தான் கிடந்தது, அது ஒரு அடி தள்ளவில்லை. குதித்து இறங்கி அவர் பக்கத்தில் தோள் கொடுத்தேன். வலியோடு வலியாக அக்காவே கம்பியைப் பிடித்தாள். பத்தடி போவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. மணல் முடிந்தது, வெயில் முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தது.

அவளை உள்ளே தூக்கிப் போனார்கள். அந்த மனுஷர் கூலியைக் கேட்கவுமில்லை, போகவுமில்லை. தாழ்வாரத்தில் என்னோடு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் கன்னியாஸ்திரீ எட்டிப்பார்த்து, "ரெண்டு உசிரும் பொழைச்சுது, தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்றார். வெட்கமில்லாமல் அழுதேன்.

இரண்டு நாலணாக்களையும் அவர் கையில் வைத்தேன். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்து, சதுரமான இரண்டணாக் காசு ஒன்றையும் எடுத்து நீட்டினார்.

"பேசுனது நாலணா. வழியில பாதி நீங்க தள்ளுனீங்க, முசே. இது உங்க கூலி."

குத்திக்காட்டவில்லை, கணக்காகத்தான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆட்டோ நாற்பதுக்கே படிந்து, அக்கா மகள் ஜெயித்த முகத்தோடு ஏறிப் போனாள். அந்த மணலை மூடித் தார் போட்டாயிற்று. தோப்பு வீடுகளாயிற்று. புஸ்புஸ் வண்டி கண்ணில் பட்டே எத்தனையோ காலமாகிறது. அந்த ஆளின் பேரை அன்றைக்கு நான் கேட்கவில்லை. இப்போது கேட்கலாமென்றால் ஆளில்லை.