எல் போர்டு மாட்டாதவர்

ஆயில் குச்சியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு உருவி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறார் சுருளிவேல். பார்த்தது போதாமல் ஒரு சொட்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்க்கிறார். பிசுபிசுப்பு சரியாக இருந்தால் தலை ஒரு பக்கமாகச் சாயும். பிறகு ரேடியேட்டருக்குத் தண்ணீர், நாலு சக்கரத்துக்கும் காலால் ஒரு உதை, முன் கண்ணாடிக்கு ஈரக் காகிதம். போடியிலிருந்து ஏல மலைக்கு விடிகாலையில் கிளம்புகிற ஜீப்புகளில் இவ்வளவு பார்த்துக் கிளம்புவது வெள்ளைத்துரையின் ஜீப்பு ஒன்றுதான். ஆனால் சுருளிவேல் அதற்கு டிரைவர் இல்லை. கிளீனர். வயது ஐம்பத்திரண்டு.

தோட்டக் கூலிக்குப் போகிற பெண்கள் பதினாலு பேரையும் அவர்தான் ஏற்றுவார். பருத்தவர்களை ஒரே பக்கம் உட்கார விடமாட்டார். "ஏத்தா ஜக்கம்மா, அங்கிட்டுப் போயி உக்காரு. வளைவுல வண்டி உன் பக்கமே சாயுது" என்பார். "அப்ப எனக்கு ரெண்டு ஆள் கூலி வாங்கிக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஜக்கம்மாள் இடம் மாறுவாள். எல்லாரும் ஏறிய பிறகு அவர் முன்சீட்டில், டிரைவருக்கு இடது கைப் பக்கம், முதுகு சாயாமல் உட்காருவார்.

முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அவரைத்தான் பார்க்க வேண்டும். வலது கால் பலகையை அழுத்தும், விடும். இடது கை தொடையின் மேல் மூடித் திறக்கும். வாயைத் திறந்து டிரைவருக்கு ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கியரைக் குறைக்க வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு தடவை இருமுவார். எட்டு வருஷம் அந்த ஜீப்பை ஓட்டிய காசிமாயன் மலையில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதே அந்த இருமலில்தான் என்று பெண்கள் சொல்லுவார்கள். ஏற்றத்தில் வண்டி நின்றால் சுருளிவேல் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவார். "சிலோன்ல வெள்ளைத் தொரைக்கு லாரி ஓட்டுனேன். இங்க வெள்ளைத்துரைக்குக் கட்டை போடுறேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் சிரித்தால் அவர் நிறுத்திக்கொள்வார்.

சிலோனில் தேயிலை லாரி பதினெட்டு வருஷம். அதுவும் மலைதான், அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டம். அந்த லைசென்ஸ் புத்தகம் பிளாஸ்டிக் உறைக்குள் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எழுபத்துநாலில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது, மனைவி சந்திரவல்லியின் தையல் மிஷினுக்கு அடுத்தபடி அவர் பத்திரமாகக் கொண்டுவந்த பொருள் அதுதான். அப்பா பிறந்த ராசிங்காபுரத்தில் ஒரு மாதம் இருந்து பார்த்தார். சொந்தக்காரர்கள் சோறு போட்டார்கள், வேலை போடவில்லை. போடிக்கு வந்தார்.

மறு வருஷம் லைசென்ஸை மாற்றிக்கொள்ள வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு மதுரைக்குப் போனார். அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொல்லிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். சிலோனிலிருந்து திரும்புகிறவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் தொழில் என்ற இடத்தில் தோட்டத் தொழிலாளி என்று இருந்தது. கண்டியில் அந்த அட்டைக்காக வரிசையில் நின்றபோது, தொழிலாளி என்று எழுதினால் இந்தியாவில் தோட்டத்தில் வேலையும் வீடும் கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு சுருளிவேலே எழுதச் சொன்னதுதான் அது. இரண்டில் எது நிஜம் என்று அதிகாரி கேட்டார். அட்டை போகட்டும், வேற்று நாட்டு லைசென்ஸை அப்படியே மாற்றித் தர வழியில்லை, புதிதாக எழுதிக் கொடுத்து, எல் போர்டு மாட்டி ஒரு மாதம் ஓட்டி, டெஸ்டுக்கு வாருங்கள் என்றார் அதிகாரி. அவ்வளவுதான் அவர் சொன்னது. ஒரு மாத வேலை.

"பதினெட்டு வருசம் ஓட்டுனவன் ஐயா. என்னையப் போயி எல் போர்டு மாட்டச் சொல்றீகளே" என்று கேட்டுவிட்டு, புத்தகத்தை உறையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

வந்தவரின் முகத்தைப் பார்த்துச் சந்திரவல்லி தெரிந்துகொண்டாள். சிலோனில் டிரைவர் பெண்சாதியாக இருந்தவரை அவள் கொழுந்துக் கூடையைத் தொட்டதில்லை. வீட்டில் தைத்துக்கொண்டிருந்தாள். இங்கே தையலுக்குத் துணி கொண்டுவர ஆள் இல்லை. "ரெண்டு மாசத்துக்கு நான் மலைக்குப் போயிட்டு வர்றேன். அதுக்குள்ள உங்களுக்கு ஏதாச்சும் அமையும்" என்று சொல்லிவிட்டு ஏலக்காய் எடுக்கப் போனாள். இரண்டு மாதம் ஒன்பது வருஷமாகிவிட்டது. அவர் பொய்யாக எழுதச் சொன்ன தொழிலை அவள் உண்மையாக்கினாள்.

ஏலக்காய்ச் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியில், மண்ணோடு மண்ணாகப் படர்ந்த சரத்தில் காய்க்கிறது. ஈரத்தில் குத்தவைத்து, கையை உள்ளே விட்டு, முற்றியதை மட்டும் விரலால் தடவி எடுக்க வேண்டும். மழை பெய்தாலும் அதே இருப்புத்தான். அட்டைக்கடிக்கு உப்பு இருக்கிறது, குளிருக்குச் சாக்கு இருக்கிறது, முட்டிக்கு ஒன்றும் இல்லை. சந்திரவல்லிக்கு இரண்டு முட்டியும் வீங்கிவிட்டன. கணுக்காலுக்கு மேல் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுகிறது, குழி எழும்ப நேரமாகிறது. ஈரத்தில் உட்காருவதை நிறுத்தச் சொல்லி ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள். ஜீப்பில் ஏற இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. சாயங்காலம் உப்பைத் துணியில் முடிந்து, தோசைக்கல்லில் சூடேற்றி, ஒத்தடம் கொடுப்பது சுருளிவேல்தான். சூட்டைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் அவள் முட்டியில் வைப்பார். நல்ல கை. ஆனால் வருத்தத்தால் வீக்கம் வடியாது.

போன மாசியில் காசிமாயன் டிரைவர் வேலைக்கே துபாய்க்குப் போனான். அவன் போனதும் வெள்ளைத்துரை இவரிடம்தான் முதலில் கேட்டார். "சுருளியண்ணே, ஒரு லைசென்ஸை எடுத்துட்டு வாங்க. வண்டி உங்களுக்குத்தான். ஒரு மாசம் நானே பக்கத்துல உக்கார்றேன்." டிரைவர் சம்பளம் வந்தால் சந்திரவல்லி மலைக்குப் போக வேண்டாம். அது வெள்ளைத்துரைக்கும் தெரியும், அதனால்தான் கேட்டார். சுருளிவேல், பார்ப்போம் என்றார். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. வெள்ளைத்துரையே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனி பிறந்ததும், ஆவணியில் காய் எடுப்பு தொடங்குகிறது, அதற்குள் முடியாது என்றால் தேவாரத்திலிருந்து ஒரு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரத்தில்தான் காசிமாயனின் அம்மா ஒச்சம்மாள் மடியில் ஒரு கடுதாசியைச் செருகிக்கொண்டு வந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. மகன் கடுதாசியை எப்போதும் சுருளிவேல்தான் வாசித்துச் சொல்லுவார். சந்திரவல்லி காலை நீட்டி, ஒரு முட்டியில் ஒத்தட முடிச்சை வைத்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

மகன் சுகமாக இருக்கிறான். சாப்பாடு பரவாயில்லை. நம் ஊர் லைசென்ஸ் அங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இதுவரை வாசித்த சுருளிவேல் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு, இப்போது லைசென்ஸ் வாங்கிவிட்டான், தண்ணீர் லாரி ஓட்டுகிறான் என்று வாசித்தார்.

ஒச்சம்மாள் தாடையில் கைவைத்து யோசித்தாள். "செல்லாதுன்னவன் எப்படிப்பா குடுத்தான்? நடுவுல என்னமோ விட்டாப்புல இருக்கே."

விட்டதை வாசித்துத்தான் ஆகவேண்டியிருந்தது. காசிமாயன் இப்படி எழுதியிருந்தான்: "மறுபடியும் மொதல்லருந்து வான்னுட்டாங்க. ரெண்டு மாசம் எல் போர்டு மாட்டி ஓட்டுனேன். இங்க எல்லாம் வலது பக்கம். ரெண்டு தடவை பெயிலு. போடிமெட்டு வளைவெல்லாம் ஓட்டுனவன், ரெண்டு தகர டப்பாவுக்கு நடுவுல வண்டிய நிறுத்தத் தெரியாம பெயிலாப் போனேன். இருமுறதுக்கு இங்க சிலோன் அண்ணன் இல்லையே. மூணாந்தடவை பாசு."

ஒச்சம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சுருளிவேல் கடுதாசியை மடித்தார். சும்மா இருந்திருக்கலாம். அவர், "பாவம், எட்டு வருசம் ஓட்டுனவனைப் போயி எல் போர்டு மாட்ட விட்டுட்டானுக" என்றார்.

"அதுக்கென்னப்பா," என்றாள் ஒச்சம்மாள். "வண்டியிலதான மாட்டுனான். கழுத்துலயா மாட்டுனான்?"

அவள் குத்திக்காட்டவில்லை. மகனைப் பற்றித்தான் சொன்னாள். கடுதாசியை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று வெரசாகப் போய்விட்டாள். வீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். சந்திரவல்லி அவரைப் பார்க்கவில்லை. முடிச்சை எடுத்து அடுத்த முட்டியில் வைத்தாள்.

"ஒம்பது வருசம்" என்றார் சுருளிவேல்.

"ஒத்தடம் ஆறிப்போச்சு" என்றாள் அவள். "சுட வச்சுக் கொண்டாங்க."

கொண்டுவந்தார்.

மறுநாள் காலையில் அவள் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. முன்னால் போய்விட்டார் என்று நினைத்து அவள் ஜீப்புக்குப் போனாள். அங்கேயும் இல்லை. வெள்ளைத்துரை கொஞ்ச நேரம் ஹாரனை அடித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

சந்தைக்குப் போகிற ரோட்டில் டிரைவிங் ஸ்கூல் ஒன்று உண்டு. ஷட்டர் இறங்கியிருந்தது. மேலே பலகையில் பெரிதாகச் சிவப்பில் எல் எழுத்து. அதற்கு நேர் கீழே, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு சுருளிவேல் நின்றார். ஜீப்பு பக்கத்தில் வந்து மெதுவானது. பெண்கள் பதினாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அண்ணே வண்டிக்கு வரலையா என்று வெள்ளைத்துரை கேட்டார்.

"எட்டரைக்குத்தான் தெறப்பாங்களாம்" என்றார் சுருளிவேல்.

ஜீப்பு நகர்ந்தது. பின்னால் வந்த ஜீப்பும், அதற்குப் பின்னால் வந்ததும், கிளீனர்களும் கூலிப் பெண்களுமாக ஒவ்வொன்றாக அவரைக் கடந்து மலைக்குப் போயின. பக்கத்து டீக்கடை ஓரத்தில் நிற்க நிறைய இடம் இருந்தது. அவர் அங்கே போகவில்லை. முகத்தை ரோட்டுக்குக் காட்டியபடி அந்தப் பலகைக்குக் கீழேயே நின்றார்.