மேளத்தை நீக்கிய பாட்டு

நீ திருடன். நம் மியூசிக் பேண்டில் பாடுகிறவன், கிடார் வாசிக்கிறவன், பேட்டி கொடுக்கிறவன் எல்லாம் நீதான். அதனால் உன்னைத்தான் சொல்கிறேன். எடுத்துக் கொடுத்தவன் நான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் என் மாமா இறந்தார். வாசலில் சாவு மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. உள்ளே அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். நான் அழவில்லை. அந்தக் குரல் ஏறிப்போய் உடைகிற இடம் நம் பாட்டுக்கு எப்படிப் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் பதிவாகிக்கொண்டிருந்தது. பிணத்துக்குப் பக்கத்தில் நின்று அதைச் செய்தேன்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம், ஜெராக்ஸ் கடை மாடியில், சத்தம் வெளியே போகாமல் இருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய நம் அறையில் உனக்குப் போட்டுக் காட்டினேன்.

"மச்சான், இத்தன நாளா நாம கத்திக்கினு இருந்தது இதுக்குத்தான்டா. அமெரிக்காவுல கறுப்பருங்க அவங்க வலியப் பாடுனாங்களே, அந்த ப்ளூஸ் இதான்டா."

"அத்தைய ஒரு வார்த்த கேட்டுக்கலாம்."

"கேட்டா வேணாம்னுதான் சொல்லும். பாட்டு வரட்டும், அப்புறம் கால்ல வுழுந்துக்கலாம்."

நான் சிரித்தேன். போனை உன் கம்ப்யூட்டரில் செருகியது என் கை.

நீ மேளத்தை நீக்கினாய். மற்ற பெண்களின் அழுகையையும் நீக்கினாய். அத்தையின் குரல் மட்டும் சுத்தமாக நின்றது. அதன் மேல் உன் கிடார் கரகரத்தது, கீழே என் பேஸ் கிடார் உருண்டது. பட்டு நெய்கிற வீட்டில் பிறந்த நீ, தறியில் நீளவாக்கில் கட்டுகிற பாவு நூலை நினைத்து, புது ஆல்பத்துக்குக் 'கறுப்புப் பாவு' என்று பெயர் வைத்தாய். கடைசிப் பாட்டு இதுதான். நன்றாக வந்திருக்கிறது, அதுதான் கொடுமை. அதில் திரும்பத் திரும்ப வருவது அத்தை மாமாவைப் பார்த்து அழுத இந்த வரி:

"அடிச்ச கையி சில்லுனு கெடக்குதே, அதப் புடிச்சிக்கினு நான் அழுவுறேனே."

சாவு வீட்டில் பெண்கள் எதையும் சொல்லி அழுவார்கள். மேளச் சத்தத்தில் வார்த்தை யார் காதிலும் விழாது என்கிற தைரியம்தான். நாம் அந்த மேளத்தை எடுத்துவிட்டோம். இப்போது சென்னைக் கச்சேரிகளில் பசங்கள் அந்த வரியைக் கூடச் சேர்ந்து கத்துகிறார்கள்.

ஹாஸ்டலிலேயே வளர்ந்த அத்தை மகள், நான் வாசித்த பாட்டு என்று ஆசையாக வீட்டில் போட்டாள். நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"நிறுத்துடி! யாரு செத்துட்டாங்கனு வூட்ல இத வெக்கிற?" அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள் அத்தை. அது தன் குரல்தான் என்று பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

மகள் பாட்டை நிறுத்தினாள். "ஏம்மா, அப்பா உன்ன அடிச்சாரா?"

அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"ஏம்பா, அத நான் அவருகிட்ட சொன்னேன். நீ யாருகிட்டல்லாம் சொன்ன?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

பாட்டை ஆல்பத்திலிருந்து நீக்கிவிடு என்று உன்னிடம் வந்து கெஞ்சினேன். "அது ஒண்ணுதான்டா ஓடிக்கினு இருக்குது. லூசா நீ?" என்றாய். பேட்டியில், ஊர் ஊராக அலைந்து கண்டுபிடித்த குரல் என்கிறாய். என் சட்டைப்பைக்குள்ளா அலைந்தாய்?

சனிக்கிழமை மேடை ஏறுகிறோம். அத்தையின் பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். அந்தப் பாட்டுக்கு முன்னால், கேட்காமல் பதிவு செய்தவன் நான் என்று மைக்கில் சொல்லப்போகிறேன். அப்புறம் மைக் உன் கைக்கு வரும். அவளைக் கேட்டாயா? அவளுக்கு வேண்டாம் என்று தெரிந்த பிறகும் ஏன் பாட்டை நீக்கவில்லை? கத்துகிற அந்தப் பசங்கள் முன்னால் பதில் சொல்.