அசைக்கும் முன் தூக்காதீர்கள்

என் கனவு நின்றுபோன சந்தோஷத்தில் என் வீட்டுக்காரர் முந்திரி மக்ரூன் இனிப்பு வாங்கிவந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

கனவு இதுதான். இடுப்பில் கட்டிய கயிற்றோடு கடலுக்குள் இறங்கிக்கொண்டே இருப்பேன். அடியில் ஏதோ வெளிறித் தெரியும். கை நீட்டுவதற்குள் அலறி விழித்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் நான் ஓவிய ஆசிரியை. அங்கே வரையும் மயிலும் மாம்பழமும் சம்பளத்துக்கு. விழித்த சூட்டோடு வரையும் அந்தக் கறுத்த பச்சைக் கடல்தான் எனக்கு.

அலறல் பொறுக்காமல் வீட்டுக்காரர் என்னை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். படங்களைப் பார்த்த டாக்டர், அப்பா கடலில் இறந்தாரா என்று கேட்டார். அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர்தான், ஆனால் செத்தது கட்டிலில் என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, அந்தக் கயிறு என் அம்மாவாம், தொப்புள்கொடியாம். கயிறு இல்லாமல் வரையச் சொன்னார். அடிமனத்தில் தேங்கியதைக் கழித்துவிட்டால் நிம்மதி என்றார். சாக்கடையா அது, கழித்துவிட?

ஆனாலும் சொன்னபடி வரைந்தேன். கனவு போனது. கூடவே என் படமும் போனது. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் நாற்பது நாளும் வெறும் கேன்வாஸ் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை ஓடவில்லை.

"இப்பம் நல்லாத் தூங்குதல்லா. பொறவு படம் எதுக்குளா?" என்றார் வீட்டுக்காரர். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கிரேனைப் பிடுங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கச் சொன்னால் சும்மா இருப்பாரா?

கயிறு அம்மா இல்லை. எங்கள் கடற்கரையில் சங்கு குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பவன் அவனுடைய மச்சான், பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். கூடப்பிறந்தவள் தாலி அறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. கீழே இருப்பவன் கயிற்றை அசைத்தால்தான் தூக்க வேண்டும். என் மாமா முதல்நாள் பயந்துபோய், அசைக்கும் முன்பே அப்பாவைத் தூக்கிவிட்டாராம். கைக்கு எட்டிய சங்கை விட்டுவிட்டு மேலே வந்த அப்பா, பல நாள் மச்சானோடு பேசவில்லை. காப்பாற்றியவர் மீது என்ன கோபம் என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறேன். இப்போது அந்தக் கோபம் எனக்கு அத்துப்படி.

கயிற்றைத் திரும்ப வரைந்தேன். கனவும் அலறலும் திரும்பின, கையும் ஓடியது. டாக்டரிடம் போய் அதைச் சொன்னேன். அப்படியானால் இங்கே எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். தனியாக இறங்க எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

"கீழ கெடக்கது என்னன்னு நீங்க சொல்லாண்டாம் டாக்டர். அத நான் எடுத்துக்கிடுதேன். நீங்க கயித்தப் பிடிச்சிக்கிட்டு இருங்க. நான் அசைக்கதுக்கு முன்னால மட்டும் தூக்கிராதீங்க."