இரண்டாம் தட்டு

வாரத்துக்கு நாலைந்து பேராவது போன் செய்து குப்பி காலி என்பார்கள். அமெரிக்காவின் லா கிராஸ் ஊரில், அந்தக் குப்பிகளை விற்கும் கம்பெனியின் போனை எடுக்கும் கார்டி பெல்க்கிக்கு இதற்கான பதில் தூக்கத்தில்கூட வரும். "காலி இல்லைங்க. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மூடியத் திறக்காம மெஷின்ல ஒரு சுத்து சுத்தவிட்டு, தாள்ல போட்டிருக்கிற அளவு தண்ணி விட்டுக் கரைங்க. உள்ளதான் இருக்கு." பதினொரு வருஷமாக இதே பாட்டு. போனை வைத்ததும் அடுத்த மேஜையைப் பார்த்துக் கண்ணடிப்பான். அவ்வளவு படித்தவர்கள் காலிக் குப்பி என்று புலம்புவது அங்கே எல்லோருக்கும் ஒரு பொழுதுபோக்கு.

நியாயமாகப் பார்த்தால் அவர்கள் மேல் தப்பில்லை. குப்பி பாதிச் சுண்டுவிரல் உயரம். உள்ளே இருப்பது ஒரு புரதம். சுண்டெலியின் மூட்டில் வீக்கத்தைக் கிளப்பிவிடும் பொருளைக் கவ்விப் பிடித்து அடக்கிவைக்கிற ஏற்பி அது. சுண்டெலியின் மரபணுவை வேறொரு பிராணியின் செல்லுக்குள் புகுத்தி, தொட்டியில் வளர்த்து, பிரித்து, சுத்தம் செய்து, குப்பிகளில் நிரப்பி, உறையவைத்து உலர்த்தி, ஆராய்ச்சிக்காரர்களுக்கு அனுப்புவார்கள். ஒரு கிராமை இருபதாயிரம் பங்கு போட்டால் ஒரு குப்பிக்கு ஒரு பங்கு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சில சமயம் அடியில் மூச்சுப் பட்ட மாதிரி ஒரு மங்கல் தெரியும். பல சமயம் அதுவும் தெரியாது.

இருபத்தாறு வருஷமாக அந்தக் குப்பிகளை நிரப்பியவள் மார்லிஸ் டோலெஃப்சன். வெஸ்ட்பி பக்கத்தில் ஒரு பால் பண்ணையில் பிறந்து, மாட்டு வாடைக்குப் பயந்தே பதினெட்டு வயதில் ஊரைவிட்டு வந்தவள். பீர் ஆலையில் பாட்டில் வரிசை முன்னால் ஒன்பது வருஷம் நின்றாள். பிறகு இங்கே. கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஆனால் கை என்றால் கை. ஒரு தட்டில் இருநூறு குப்பி, ஒரு குப்பிக்குக் கால் மில்லி. இருநூறையும் முடித்து நிமிரும்போது ஒரு சொட்டு வெளியே இருக்காது. புதிதாக வரும் பட்டதாரிகளை அவள் பக்கத்தில் நிறுத்தி, கொஞ்சம் பார்த்துக்கொள் என்பார்கள். பார்ப்பார்கள். வராது.

அவள் புருஷன் டுவெயின், மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். வெள்ளிக்கிழமைதோறும் மீன் வறுவல் சாப்பிட ஒரே கடை, ஒரே மேஜை, அவனுக்கு ஒரு பிராந்தி. மகள் தூரத்தில் டூசான் நகரத்தில் இருக்கிறாள், ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள். பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை டுவெயின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவன், ஒரு காலுக்கு மாட்டிவிட்டு, அடுத்ததைக் கையில் பிடித்தபடி சாய்ந்துவிட்டான். அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். பிறகு காபி மெஷினை அணைத்தாள். பிறகு என்ன செய்தாள் என்று அவளுக்கே தெரியாது.

சனிக்கிழமை லூத்தரன் சர்ச்சில் பிரார்த்தனையும், கீழ்த்தளத்தில் பன்றிக்கறி சாண்ட்விச்சும். தரை உறைந்து கிடந்ததால் குழி வெட்ட முடியவில்லை. ஏப்ரல் வரை டுவெயினைக் கல்லறைத் தோட்டத்து அறையில் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் பதினான்கு பாத்திரங்களில் ஹாட்டிஷ், அதாவது கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் வேகவைத்த சாப்பாடு, கொண்டுவந்து கொடுத்தார்கள், அடியில் பேர் எழுதி ஒட்டி. எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: நீ ரொம்பத் தைரியசாலி. மனுஷி அழாமல் நின்றால் இந்த ஊரில் அதற்குத் தைரியம் என்று பேர். அவளுக்கு உள்ளே ஒன்றுமே இல்லை. துக்கம்கூட இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போலத் தன்னையே தொட்டுப் பார்த்தாள். வலிக்கவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டாள்.

மேற்பார்வையாளர் ட்ரூடி வாசலிலேயே மறித்தாள். "ரெண்டு வாரம் லீவு இருக்கு, மார்லிஸ். எடுத்துக்கோ."

"வீட்ல உக்காந்து என்ன பண்ண? நல்லாத்தான் இருக்கேன்."

நன்றாக இருப்பவளை எப்படித் திருப்பி அனுப்புவது? ட்ரூடி விட்டுவிட்டாள்.

ஜூன் மாதம் ஒரு மதியம். சாப்பாட்டு அறையில் மார்லிஸ் பதினோராவது பாத்திரத்து ஹாட்டிஷைச் சுடவைத்துத் தின்றுகொண்டிருந்தாள். கார்டி எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"இன்னும் சாவு வீட்டுச் சாப்பாட்டையே ஓட்டிக்கிட்டு இருக்கியா? கிறிஸ்துமஸ் வரைக்கும் வரும் போல."

"ஃப்ரீசர்லதான் இருந்துச்சு, கெட்டுப்போகல. எதுக்குக் கொட்டணும்?"

"சரி, இதக் கேளு. கனடாவுல, வின்னிபெக்ல லாரிசான்னு ஒரு ஆராய்ச்சிப் பொண்ணு. நாலாவது தடவையா கூப்பிடுறா. குப்பி காலியாம். நானும் என் பாட்டப் பாடிட்டேன். விட மாட்டேங்கிறா. மொத பெட்டி வேலை செஞ்சுதாம், எலிக்கெல்லாம் மூட்டு வீக்கம் வத்திடுச்சாம். அடுத்த பெட்டி ஒண்ணும் பண்ணலயாம். பெட்டி மேல தட்டு நம்பர் வேற பாத்து வச்சிருக்கா. மொதல்ல வந்தது ஒண்ணாம் தட்டு, அப்புறம் வந்தது ரெண்டாம் தட்டாம். அம்மா துப்பறியுறாங்களாம்." கார்டி சிரித்துவிட்டு, சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டான். "பாவம், இன்னிக்கு அழுதா. புரொபசர் நம்பலையாம். மொத தடவ வந்துச்சு, இப்ப வரலன்னா உன் கைதான் சரியில்லங்கிறாராம். மாசக் கடைசியோட லேப விட்டுக் கிளம்பிடுன்னுட்டாராம்."

"எந்த பேட்ச்?"

"பிப்ரவரி. ஏன்?"

மார்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

அந்த பேட்சின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். டுவெயின் போன அடுத்த செவ்வாய்க்கிழமை. மூன்று தட்டு. ஒவ்வொன்றுக்கும் நேரம், எண்ணிக்கை, அவள் கையெழுத்து. பக்கத்தில், சரிபார்த்ததற்காக, கூட வேலை செய்யும் பா ஹுவா தா என்பவளின் கையெழுத்து. ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அன்றைக்கு என்ன உடுத்தினாள், என்ன தின்றாள், எந்த வழியாக வீட்டுக்குப் போனாள், ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. குப்பிகளை நிரப்பியது நினைவில்லை. முதல் தட்டிலும் கடைசித் தட்டிலும் ஒவ்வொரு குப்பி எடுத்துச் சோதிப்பது வழக்கம். இரண்டும் தேறியிருந்தன. நடுத்தட்டை யாரும் சோதிப்பதில்லை.

நிரப்பும்போது பனிக்கட்டி வாளியில் இரண்டு பாட்டில் இருக்கும். ஒன்றில் புரதம். மற்றதில் புரதம் சேர்க்காத வெறும் உப்புக் கரைசல். ஒப்பிட்டுச் சோதிப்பதற்காக அதிலும் பத்துக் குப்பி நிரப்புவார்கள். இரண்டும் பச்சைத் தண்ணீர் மாதிரி. வேலை முடிந்ததும் வெறும் கரைசலைத் தொட்டியில் கொட்டிவிடுவார்கள். மிஞ்சிய புரதத்தைக் கொட்ட மாட்டார்கள். அளந்து, எழுதி, பெரிய உறைபெட்டியில் வைப்பார்கள்.

கனத்த கையுறை மாட்டிக்கொண்டு உறைபெட்டியைத் திறந்தாள். மூன்றாவது அடுக்கில் பாட்டில் இருந்தது. பன்னிரண்டு மில்லி மிஞ்சியிருக்க வேண்டும். லேபிளில் அவள் கையெழுத்தில், சுத்தமாக, அறுபத்திரண்டு என்று எழுதியிருந்தது. ஒரு தட்டுக்கு ஐம்பது மில்லி. தன் கையாலேயே அளந்திருக்கிறாள், உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாள், கொண்டுவந்து பத்திரமாக வைத்துமிருக்கிறாள். என்ன எழுதுகிறோம் என்று மட்டும் கவனிக்கவில்லை.

பயம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். வரவில்லை. கையுறைக்குள் விரல் சில்லிட்டதுதான் மிச்சம்.

பா ஹுவா குப்பி கழுவும் அறையில் இருந்தாள். முப்பத்தைந்து வயது, மூன்று பிள்ளைகள், மார்லிஸிடம் வேலை கற்றுக்கொண்டவர்களில் கை வந்த ஒரே ஆள்.

"அன்னிக்கு ரெண்டாம் தட்டுக்கு முன்னால பாட்டில் லேபிளப் பாத்தியா?"

பா ஹுவா குழாயை மூடினாள். எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. "பாக்கல."

"ஏன்?"

"எப்படிப் பாக்கறது? நீங்க நின்ன நிலையப் பாத்தா, பக்கத்துல வந்து ஏதாவது கேட்டா உடைஞ்சு போயிடுவீங்களோன்னு இருந்துச்சு. இருபத்தாறு வருஷமா நீங்க தப்புப் பண்ணி நான் கேள்விப்பட்டதே இல்ல. போட்டுட்டேன் கையெழுத்த." கதவுப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள், "மார்லிஸ், இது மனுஷங்களுக்குப் போறதில்ல. எலிக்குப் போறது. யாருக்குத் தெரியப்போகுது?"

"வின்னிபெக்ல ஒரு பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. அவளத்தான் வெளிய அனுப்புறாங்க."

பா ஹுவா ஈரக் கையை மேலங்கியில் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நீங்க போய்ச் சொன்னா என் பேரும் வரும்."

"வரும்."

"சொல்லாம இருக்க முடியாதா உங்களால?"

முடியும் என்றுதான் மார்லிஸுக்குத் தோன்றியது. அதுதான் வேடிக்கை. மனசாட்சி குத்தும், தூக்கம் போகும் என்றெல்லாம் சொல்வார்களே, அவளுக்கு ஒன்றும் குத்தவில்லை. சொல்லாமல் போனாலும் இன்றைக்கு நன்றாகத்தான் தூங்குவாள், நாளைக்குப் பன்னிரண்டாவது பாத்திரத்தைத் திறப்பாள். ஆனால் நன்றாகப் பழகிய ஒரு கை, எங்கோ ஒரு லேபில், தன்னைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறது. அது எப்படிப்பட்ட காரியம் என்று அவளுக்குத் தெரியும். மனசு மரத்துப்போனாலும் தெரிந்தது தெரியாமல் போய்விடுமா.

ட்ரூடியின் அறைக்குள் அவள் பேச ஆரம்பித்து நாலு வார்த்தை ஆகியிருக்காது, கதவு திறந்தது. பா ஹுவா வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "நானும்தான். நான் பாக்கவே இல்ல," என்றாள்.

ஒவ்வொரு தட்டிலும் ஒரு குப்பியை மாதிரிக்கென்று எடுத்துவைப்பார்கள்; இரண்டாம் தட்டின் மாதிரிக் குப்பியைச் சோதித்தார்கள். இரண்டு நாளில் முடிவு வந்தது. உப்பு இருந்தது. புரதம் இல்லை. அந்தத் தட்டிலிருந்து வாங்கிய இருபத்துமூன்று பேருக்குக் கடிதம் போனது: தயாரிப்பு முறையில் ஒரு விலகல் நேர்ந்துள்ளது, வருந்துகிறோம், மாற்றுக் குப்பிகள் அனுப்புகிறோம். அந்த இருபத்துமூன்று பேரில் ஐந்து பேர் ஏற்கெனவே கார்டிக்குப் போன் செய்து, அவன் பாட்டைக் கேட்டுவிட்டு வைத்தவர்கள். அந்தப் பட்டியலைப் பார்த்த நாளில் கார்டி யாரையும் பார்த்துக் கண்ணடிக்கவில்லை. பா ஹுவாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். மார்லிஸை லேபிள் ஒட்டும் அறைக்கு மாற்றினார்கள். இனிமேல் அவள் குப்பி நிரப்ப மாட்டாள். சரி என்று சொல்லிவிட்டு, தன் பேனாவையும் கண்ணாடியையும் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

கிளம்பும்போது ட்ரூடியிடம் கேட்டாள். "அந்த வின்னிபெக் பொண்ணோட நான் பேசட்டுமா?"

"கடிதம் போயிருக்கே."

"கடிதத்துல விலகல்னு இருக்கு. அத வச்சு அவ யாருகிட்ட என்னன்னு காட்டுவா?"

ட்ரூடி மேஜையிலிருந்த கோப்பைத் திறந்து குனிந்துகொண்டாள். மார்லிஸ் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டு நேரே கார்டியின் மேஜைக்குப் போனாள். அவன் எழுந்து நாற்காலியைக் கொடுத்து, தானே எண்ணைப் போட்டுக்கொடுத்தான்.

"லாரிசாவா? நான் மார்லிஸ், லா கிராஸ்லேர்ந்து. அந்தக் குப்பிய நிரப்பினது நான்தான்."

"சுத்தவிட்டுக் கரைச்சாச்சுங்க," என்றது களைத்த குரல். "நாலு தடவை சொல்லிட்டீங்க."

"அதுக்கு இல்லம்மா. குப்பி காலி. நீ சொன்னதுதான் சரி. ரெண்டாம் தட்டு முழுக்க நான் வெறும் கரைசல ஊத்திட்டேன். உன் கையில ஒரு குத்தமும் இல்ல."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் சொன்னாள், "நாப்பது எலிங்க. ராத்திரி பகலா என் கையவே பாத்துக்கிட்டு இருந்தேன், எங்க தப்புப் பண்ணினேன்னு." மூக்கை உறிஞ்சும் சத்தம். "இத எங்க புரொபசர்கிட்ட சொல்வீங்களா? இதே மாதிரி, நான்தான்னு?"

"இப்பவே குடு."

"வகுப்புல இருக்கார். மூணு மணிக்கு வருவார்."

"மூணு மணிக்குக் கூப்பிடறேன்."

போனை வைத்திருக்கலாம். லாரிசா வைக்கவில்லை. "ஒண்ணு கேக்கட்டுமா? ஒரு குப்பின்னா புரியுது. இருநூறு. எப்படித் தெரியாமப் போகும்?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நாலு மாதமாக மார்லிஸிடம் எல்லோரும் ஏதேதோ சொன்னார்கள். யாரும் எதையும் தெரிந்துகொள்ளக் கேட்டதில்லை.

"என் புருஷன் செத்து ஆறு நாள் ஆகியிருந்துச்சு," என்றாள் மார்லிஸ். அந்தச் சொல்லை அவள் வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை. ஊரில் எல்லோரும் போய்விட்டான் என்றுதான் சொன்னார்கள். "வேலைக்கு வந்துட்டேன். கையெழுத்துப் போட்டிருக்கேன், நேரம் எழுதியிருக்கேன், மிச்சத்த அளந்துகூட வச்சிருக்கேன். ஒண்ணும் ஞாபகம் இல்ல. நான் அங்க இல்லம்மா."

"நீங்க நல்லா இருக்கீங்களான்னு யாரும் கேக்கலையா?"

"கேட்டாங்க. இருக்கேன்னேன். நம்பிட்டாங்க."

மார்லிஸ் போனை வைத்தாள். அழுகை வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மூன்று மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்திருக்க மட்டும் முடியவில்லை. கார்டி அவளை எழுப்பவுமில்லை. பக்கத்து மேஜையில் போன் அடித்தது. நின்றபடியே எட்டி எடுத்தான்.

"காலி இல்லைங்க," என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். மார்லிஸைப் பார்த்தான். பிறகு ஒரு பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டு, "சொல்லுங்க, எந்த பேட்ச், எந்தத் தட்டு?" என்று கேட்டான்.