கேப்பைக்குப் புல் எடுத்த கதை

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயங்களில் யாரைக் கேட்டாலும், கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் அவர்கள் பெரிய விவசாயிகள். ஒருவர் வீட்டில் குதிர் குதிராக நெல். இன்னொருவர் கொல்லையில் ஆள் உயரக் கரும்பு. பத்தடிக் காம்பரா அறையில் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு இந்தப் பெருமையைப் பேசுவார்கள். இவ்வளவு செழிப்பை விட்டுவிட்டு, இந்தப் பனியில் அட்டைக்கடி வாங்க ஏன் வந்தீர்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுக்கும். கேட்டதில்லை. கணக்கப்பிள்ளை சம்சாரம் என்று அவர்கள் கொடுத்த மரியாதையை நானே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

எனக்கும் விவசாயம் தெரிந்துவிடவில்லை. நான் பதுளை டவுனில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அரிசி, மளிகை முதலாளி கடையில் விளைகிறது என்பதுதான் என் அறிவு. என் வீட்டுக்காரர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலைப் பெரட்டில் பேர் பதிந்து, ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பிவிட்டு, பகல் முழுவதும் மலை மலையாக ஏறி இறங்கி மேற்பார்ப்பார். அவருக்கு உலகத்தில் இரண்டே பொருள்கள்தான். ஒன்று தேயிலை, மற்றொன்று தேயிலை அல்லாதது. நான் எந்த வகை என்று கல்யாணமான புதிதில் எனக்கே சந்தேகமாக இருந்தது.

உலகம் முழுவதும் குடிக்க இலை பறித்துக் கொடுத்த அந்த மலையில், ஒரு பிடி சோறு விளையாது. அரிசி பர்மாவிலிருந்து கப்பலில் கொழும்புக்கு வரும். அங்கிருந்து ரயிலில் பண்டாரவளை, பிறகு மாட்டுவண்டியில் எங்கள் தோட்டத்து ஸ்டோர். ஐரோப்பாவில் பெரிய சண்டை முடிந்தது என்று பதுளையில் பட்டாசு வெடித்தார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே அரிசி முடிந்தது. வண்டி வரும், அரிசி வராது. அரிசிக்குப் பதில் கோதுமை மா போட்டார்கள்.

அதை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. லயத்துப் பெண்கள் உலை வைத்து, கொதிக்கிற தண்ணீரில் அரிசியைக் களைந்து போடுவது போல மாவைக் கொட்டினார்கள். நல்ல பசை கிடைத்தது. அந்த வாரம் லயங்களில் சாமி படம் ஒட்டாத சுவரே இல்லை. நான் படித்தவளாயிற்றே, ரொட்டி சுட்டேன். என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கித் தட்டிப் பார்த்தார். "இத வச்சு ஆணி அடிக்கலாம் போலயே" என்றார். அடுத்த வேளைக்கும் அதையே வைத்தேன்.

ஆனால் அது சிரிக்கிற காலமாக மட்டும் இருக்கவில்லை. எனக்கு அப்போது கைக்குழந்தை. சரியான சாப்பாடு இல்லாமல் பால் வற்றிக்கொண்டு வந்தது. குழந்தை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, ஏமாற்றிவிட்டாயே என்பது போல என்னைப் பார்த்துக் கத்தும். நானும் சேர்ந்து அழுவேன். லயங்களில் என்னைப் போல இன்னும் எத்தனையோ பேர்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு நாள் பெரட்டுக் களத்தில் குதிரையில் உட்கார்ந்தபடியே கட்டளை போட்டார். லயத்துக்குக் கீழே, ஓடையை ஒட்டி, அவர் குதிரைக்குப் புல் அறுக்கும் ஒரு துண்டு நிலம் இருந்தது. அதைக் கைப்பிரம்பால் காட்டினார்.

"நீங்க எல்லாம் இந்தியா ஆளு. பெரிய நாடு. எல்லாம் வெவசாயம். இங்கயும் செய். மழை முடிய முந்தி நான் வந்து பாப்பேன். திங்கிற சாமான் இருந்தா அந்தத் துண்டு லயத்துக்கு. இல்லாட்டி தேயிலை போட்டிருவேன்."

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். அந்தப் பெரிய நாட்டின் விவசாயம் முழுவதையும் நான் அன்றைக்கு, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரே இருப்பில் படித்து முடித்தேன்.

முதலில் பேசியவர் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற தஞ்சாவூர்க்காரர். அவருடைய மீசையே ஒரு வயல் வரப்பு அளவுக்கு இருக்கும். காவேரியில் தண்ணீர் திறந்துவிட்டால் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வாசல் வரைக்கும் வரும், சேற்றில் காலை வைத்தால் போதும், நெல் தானாக முளைக்கும் என்றார். சேலத்துக்காரர் ஒருவர் அதெல்லாம் சோம்பேறி விவசாயம் என்றார். கிணறு வெட்டி, மாடு கட்டிக் கமலை இறைத்து, ஒவ்வொரு சொட்டாகச் சோளத்துக்குப் பாய்ச்சினால்தான் விவசாயமாம். மதுரைப் பக்கத்து ஆள் கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் கம்பு என்று நடுநிலையாகப் பேசினார். திருநெல்வேலிக்காரர் எந்தக் கவலையும் இல்லாமல் பனை மரம் வைக்கலாம் என்றார். அது காய்ப்பதற்குள் என் பிள்ளைக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

ராமநாதபுரத்து அக்கா ஒருத்தி இருந்தாள். கொழுந்து எடுப்பவள். நாலு மலைக்குக் கேட்கும் தொண்டை.

"எங்க ஊருல ஆறும் கெடையாது, கமலையும் கெடையாது. மேல பாக்க வேண்டியது, பேஞ்சா விதைக்க வேண்டியது. கேப்பைதான். அதப் போடுங்க. கூழு குடிச்சா புள்ள பெத்தவளுக்குப் பாலும் ஊறும்."

என் காது அப்போதுதான் நிமிர்ந்தது. தஞ்சாவூர்க்காரரோ மீசையைத் தடவிக்கொண்டு, "கேப்பையெல்லாம் ஒரு பயிரா? நெல்லுதான்" என்றார்.

"ஏன்ண்ணே, அந்த நெல்லுச் சோத்த நீங்க என்னைக்குத் தின்னீங்க?" என்றாள் அக்கா.

அவர் மீசையிலிருந்து கையை எடுத்தார். "அறுத்தது நானு. தின்னது பண்ணையாரு. நமக்குப் பொங்கலன்னைக்கு."

அதற்குப் பிறகு யாரும் நெல்லைப் பற்றிப் பேசவில்லை. கேப்பை, அதாவது கேழ்வரகு, என்று முடிவாயிற்று. பதுளைக் கடையில் முதலாளியிடம் கேட்டால் அதற்குக் குரக்கன் என்று பெயர். பசறைக்கு அப்பால் காட்டை எரித்துச் சேனைப் பயிர் செய்கிறவர்கள் விளைவித்ததாம். விதைக்குக் கொஞ்சம் வாங்கி வந்தோம்.

இனி விதைக்க வேண்டியதுதானே? என் வீட்டுக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். அவர் ஸ்டோரிலிருந்து கயிறும் முளைக்குச்சிகளும் எடுத்து வந்தார். தேயிலைக் கன்றுக்குக் கயிறு பிடிப்பது போலப் பிடித்தார். குச்சி அடித்தார். குச்சிக்குக் குச்சி குழி வெட்டச் சொன்னார். கேப்பை விதை கடுகு அளவு. அவர் வெட்டிய குழியில் ஆட்டுக்குட்டியைப் படுக்க வைக்கலாம்.

ராமநாதபுரத்து அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு விதைச் சுளகை எடுத்தாள்.

"ஐயா, நீங்க அளந்துகிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, குழியும் பார்க்கவில்லை குச்சியும் பார்க்கவில்லை, விசிறிக்கொண்டே போனாள். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. குச்சிகளை மட்டும் பிடுங்க விடவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. குழிகள் தாமாகவே தூர்ந்தன. ஓடைக்கரை முழுவதும் இளம்பச்சை. காலையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று அதைப் பார்ப்பேன். பார்க்கும்போதே வயிறு பாதி நிறைந்த மாதிரி இருக்கும். துண்டு நம்முடையதுதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

பயிர் ஒரு சாண் உயர்ந்திருந்தபோது துரையிடமிருந்து சேதி வந்தது, நாளைக் காலையில் வருகிறார் என்று. என் வீட்டுக்காரருக்குக் கை கால் ஓடவில்லை. துரை வருகிற இடத்தில் ஒரு புல் இருக்கலாமா? தோட்டத்திலேயே பேர் பெற்ற புல்லெடுக்கும் பெண்கள் செட்டைக் கூப்பிட்டார். அதன் தலைவி தோட்டத்திலேயே, மேல் மலை லயத்தில், பிறந்து வளர்ந்த நெட்டைப் பெண்; கீழே நாங்கள் விதைத்த கதை அவளுக்குத் தெரியாது. அவள் கை பட்ட மலையில் கோழிக்குக் கூடக் கொத்தப் பச்சை கிடைக்காது.

"கீழ துண்டு கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்றார்.

"சரிங்கய்யா" என்றாள்.

அவர் மேல் மலைக்குப் போய்விட்டார். விதைத்தவர்கள் எல்லோரும் கொழுந்து எடுக்கப் போய்விட்டார்கள். நான் குழந்தைக்குக் காய்ச்சல் என்று உள்ளேயே இருந்தேன். சாயங்காலம் என் வீட்டுக்காரர் இறங்கி வந்து போட்ட சத்தத்தில்தான் வெளியே ஓடினேன்.

துண்டு கண்ணாடி மாதிரிதான் இருந்தது. கருப்பு மண், நடுவில் அவர் அடித்த குச்சிகள். கேப்பை இருந்த இடத்தில் ஒரு பச்சை கிடையாது.

"கேப்பை எங்க?" என்று அந்த நெட்டைப் பெண்ணிடம் கேட்டார் அவர்.

"கேப்பையாங்க? இங்க ஒண்ணும் இல்லைங்களே. ஒரே புல்லு. சுத்தமா எடுத்துட்டோம்." அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நடுவுல தேயிலைக் கன்னு கொஞ்சம் தானா மொளச்சிருந்துச்சுங்க. அதுல கை வைக்கல. மண்ணு அணைச்சு விட்டிருக்கோம்."

உண்மைதான். மேல் மலையிலிருந்து மழையில் உருண்டு வந்த விதைகள் முளைத்து, தளதளவென்று நின்றன. சோற்றுக்காக விட்ட துண்டில் நின்ற ஒரே பயிர் தேயிலை.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு தோளில் குழந்தை சிணுங்கியது, சிரிப்பு நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர், கூலி இல்லாமல் பேரை வெட்டுவேன், செட்டையே கலைத்துவிடுவேன் என்று குதித்தார். அதற்குள் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். ராமநாதபுரத்து அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். தான் என்ன செய்தோம் என்று அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் புரிந்தது. வாய் கோணிக்கொண்டு அழுதாள்.

"நான் கேப்பையக் கண்டேனா? தேயிலையத் தவிர எல்லாமே புல்லுன்னு நீங்கதானேய்யா சொல்லிக்குடுத்தீங்க?"

 நான் பார்த்த பார்வையில் அவர் குச்சிகளை எண்ணத் திரும்பிக்கொண்டார்.

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே புலம்பினாள். "இந்தப் பாழாப்போன மழையில பிடுங்கிப் போட்ட புல்லே திரும்ப வேர் விட்டுருதே, அதுக்குப் பயந்துதானே கூடையில அள்ளிட்டுப் போயி கான்ல கொட்டினோம்..."

சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். எல்லோரும் ஒன்றாகக் கான் பக்கம் திரும்பினோம். மழைநீர் வடியும் அந்தக் கானில், நனைந்தபடி, எங்கள் கேப்பை அத்தனையும் குவியலாகக் கிடந்தது. வேர் இன்னும் வெள்ளையாக இருந்தது.

"நாத்து!" என்று கத்தினார் தஞ்சாவூர்க்காரர். "பிடுங்கி நட்டா முடிஞ்சுது! எங்க ஊருல இப்பிடித்தான்!"

"எங்க ஊருல விதச்சா விதச்சதுதான்" என்றாள் ராமநாதபுரத்து அக்கா.

"ரெண்டு ஊரையும் அப்புறம் பேசிக்கலாம்" என்றேன். "மொதல்ல குனிங்க."

மழை தூறிக்கொண்டே இருந்தது. கூடை கூடையாக அள்ளி வந்தோம். எங்கே நடுவது, எப்படி நடுவது என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குச்சிகள் இருந்தனவே! என் வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கயிற்றை எடுத்து வந்தார். எங்கள் கல்யாணத்தன்று கூட அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை. கயிற்றை ஒட்டி வரிசை வரிசையாக நட்டுக்கொண்டு போனார்கள். புல்லெடுக்கும் செட்டின் கை வேகத்தை அன்றைக்குத்தான் நல்ல காரியத்துக்குப் பார்த்தேன்.

நடுவில் அந்தத் தேயிலைக் கன்றுகள். துரை பார்த்தால், இந்த மண்ணே தேயிலை கேட்கிறது என்பார். பிடுங்கத்தான் வேண்டும். யாரும் கை வைக்கவில்லை. அந்த நெட்டைப் பெண் குனிந்தாள், கையை நீட்டினாள், சுட்டது போல இழுத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தார். தேயிலைக் கன்றைப் பிடுங்கியவனுக்குத் தோட்டத்தில் என்ன கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். பிறந்ததிலிருந்து ஒரு கீரைத் தண்டு கூடப் பிடுங்காதவள், அந்தக் கன்றுகள் எல்லாவற்றையும் பிடுங்கி ஓடையில் எறிந்தேன்.  அவர் கையில் குழந்தை கத்தியது.

மறுநாள் துரை வந்தார். நேற்று நட்ட பயிர், வரிசை தப்பாமல், அத்தனையும் தலை தொங்கித் தரையில் படுத்திருந்தது. துரைக்குக் கேப்பை தெரியாது. ஆனால் வரிசை தெரியும். கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"வேலை நல்லாருக்கு. ஆனா ஏன் படுத்திருக்கு?"

என் வீட்டுக்காரர் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். தஞ்சாவூர்க்காரர் முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"தொரை வந்திருக்கீங்கள்லங்க. கும்பிடுது."

துரை அவரையே பார்த்தார். பிறகு குதிரை மிரளும்படி சிரித்தார். "சரி. லயத்துக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பயிர் நிமிர்ந்துவிட்டது. வரிசையில் நட்டதால் நன்றாகத் தூர் கட்டியதாகத் தஞ்சாவூர்க்காரர் சொல்லிக்கொண்டு திரிந்தார். கதிர் விரல் மடக்கிய கை போல முற்றியது. அறுத்து, அடித்து, திரித்து, முதல் கூழை ராமநாதபுரத்து அக்கா எனக்குத்தான் கொண்டு வந்தாள். ருசி என்று சொல்ல முடியாது. ஆனால் குடித்துக்கொண்டே அழுதேன். இரண்டொரு நாளில் குழந்தை கத்துவதை நிறுத்தியது.

அடுத்த வருஷம் மறுபடி விதைத்தோம். புல்லெடுக்க அந்தப் பெண்ணே வந்தாள். பயத்தில் நிஜப் புல்லையும் பிடுங்காமல், ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "அம்மா, இது திங்கிறதா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு மட்டும் தெரியுமா என்ன? தெரிந்தவள் போலத் தலையாட்டினேன்.

வரிசைக்கு நடுவில் ஒரு தேயிலைக் கன்று முளைத்திருந்தது. அவள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். மேல் மலையைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் எங்கே என்று பார்த்தாள். அவர் வரப்பில்தான் நின்றிருந்தார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். 

அவள் குனிந்து, அதை வேரோடு பிடுங்கினாள். மண்ணை உதறிவிட்டு, "இது புல்லுங்கய்யா" என்று சொல்லி ஓடையில் எறிந்தாள்.